பழைய டீசல் பிக்கப்பில் 1200 கிலோ டிரெய்லர்: முதலில் எதைப் பிரிக்க வேண்டும்?

மண்சாலை (கேள்வி)

வணக்கம். 20 வருஷத்துக்கு மேல் ஆன டீசல் பிக்கப். டர்போ இல்லை, மெக்கானிக்கல் பம்ப், 5 கியர். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பின்பக்கம் பட்டா ஸ்பிரிங், இரண்டு துண்டு புரோப்பல்லர் ஷாஃப்ட். பின்சக்கர ஓட்டம் மட்டும்தான். ஓடியது 2,80,000 கி.மீ. வெறும் வண்டி எடை சுமார் 1600 கிலோ.

இதில் சாமானோடு 1200 கிலோ வரும் ஒற்றை ஆக்சில் டிரெய்லரை இழுக்க வேண்டும். டிரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக் (பிக்கப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையில் தானே பிடிப்பது) உண்டு. தயாரிப்பாளர் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு 1500 கிலோ வரை போட்டிருக்கிறது. பாதையில் நீளமான ஏற்ற இறக்கம் உண்டு.

இப்போது தெரிகிற குறைகள்: பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. 65 கி.மீ. வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஓர் அதிர்வு வருகிறது, 80-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து கிளட்சை விடும்போது பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் ஈரம். சமதளத்தில் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது, ஏற்றத்தில் முக்காலுக்குப் போகிறது. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. கூடுதலாக ஒரு பட்டா போடச் சொல்கிறார்கள், பம்பில் டீசலைக் கூட்டி வைக்கவும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எந்த வரிசையில் போவது?

டிரம்லைனர்

எஞ்சினைக் கடைசிக்குத் தள்ளுங்க. இழுக்கிற சக்தி குறைஞ்சா வண்டி மெதுவா ஏறும், அவ்வளவுதான். நிறுத்துற சக்தி குறைஞ்சா இறக்கத்துல செய்யறதுக்கு ஒண்ணுமே இருக்காது. முதல்ல பிரேக், அடுத்து சக்கரம், பேரிங், ஸ்டியரிங். அது முடிஞ்ச பிறகு ஷாஃப்டும் பட்டாவும், அப்புறம் ரேடியேட்டர்.

ஒரு கணக்கு பாருங்க. வண்டி, டிரெய்லர், ஆள் எல்லாம் சேர்த்து 3000 கிலோன்னு வைப்போம். 500 மீட்டர் உயரம் இறங்கினா வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 14.7 மெகாஜூல். 20 டிகிரியில இருக்கிற 44 லிட்டர் தண்ணியைக் கொதிக்கிற அளவுக்குக் கொண்டுபோற சூடு அது. எஞ்சினும் காத்தும் தாங்கினது போக மீதி முழுக்க டிஸ்க்குலயும் டிரம்லயும்தான் இறங்கும்.

இடப்பக்கம் இழுக்குதுன்னா குத்தம் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும், ஏன்னா அந்தச் சக்கரம் சரியா பிடிக்கலை. வலது காலிப்பரைக் கழட்டி ரெண்டு பேடையும் ஒப்பிடுங்க. உள்பேட் தேஞ்சு வெளிபேட் அப்படியே இருந்தா ஸ்லைடு பின் இறுகியிருக்கு. பின்னை உருவி, துரு எடுத்து, பிரேக்குக்குன்னே வர்ற சிலிக்கான் கிரீஸ் போடுங்க. சாதா சாசி கிரீஸ் போட்டா ரப்பர் ஊதி மறுபடியும் இறுகிடும். அடுத்து பிஸ்டனை கிளாம்ப் வெச்சு உள்ளே தள்ளிப் பாருங்க. கனமா இருந்தா பிளீட் நிப்பிளைத் திறந்துட்டு மறுபடி தள்ளுங்க. திறந்ததும் சுலபமா போனா பிஸ்டன் நல்லாத்தான் இருக்கு, ரப்பர் ஹோஸ்தான் உள்ளே ஊதி அடைச்சிருக்கு. பெடலை விட்ட பிறகும் கொஞ்ச தூரம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டே போறதும் அந்தப் பக்கத்து ஹோஸ் அடைப்போட அடையாளம்தான். ஹோஸை எப்பவும் ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.

வலது பின்சக்கர ஈரத்தை விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கெட்டியா, கந்தக வாடை அடிச்சா அது பின் ஆக்சில் ஹவுசிங்ல (நடுவுல கிரவுன் கியர் இருக்கிற கூடு) இருந்து வர்ற கியர் ஆயில். தண்ணி மாதிரி மெல்லிசா இருந்து, தொட்ட இடத்துல பெயின்ட் உரிஞ்சா பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் போயிருக்கு. கியர் ஆயிலா இருந்தா சீலை மாத்துறதுக்கு முன்னாடி ஹவுசிங் மேல இருக்கிற பிரீதரை, அதாவது காத்து போக்கியைப் பாருங்க. சேறு அடைச்சிருந்தா ஓடிச் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தள்ளிக்கிட்டு எண்ணெய் வெளியே வரும்.

எண்ணெய் குடிச்ச பிரேக் ஷூவைப் பெட்ரோல் ஊத்திக் கழுவறது, நெருப்புல காட்டறது எதுவும் வேண்டாம். லைனிங் சூடானதும் உள்ளே ஊறினது மேல வரும். ரெண்டு பக்கமும் புது ஷூ போடுங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பின்பக்கமும் இழுக்க ஆரம்பிக்கும். டிரம்மோட அதிகபட்ச உள்விட்டம் அதுலயே வார்த்திருக்கும். அதைத் தாண்டியிருந்தா கடைசல் போடாதீங்க, மாத்திடுங்க. ஆக்சில் ஷாஃப்டை உருவும்போது பேரிங்கைச் சுத்திப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா பேரிங்கும் புதுசு. அதைப் பிடிச்சிருக்கிற ரிட்டெய்னர் வளையம் ஒரு தடவைதான், கழட்டினதைத் திருப்பிப் போடக் கூடாது. ஏத்துறது பிரஸ் வேலை, சுத்தியல் வேலை இல்லை.

இப்ப யாரும் கவனிக்காத ஒண்ணு. உங்க மாதிரி பிக்கப்ல பல மாடல்கள்ல சாசிக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ போயி ஒரு வால்வுல சேரும். லோடு சென்சிங் வால்வு. பாரம் ஏறி பின்பக்கம் தாழ்ந்தா பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியா இருந்தா குறைக்கும். கூடுதல் பட்டா போட்டு பின்பக்கத்தைத் தூக்கினீங்கன்னா வால்வு வண்டி காலின்னு எடுத்துக்கும். முழு பாரத்தோட போகும்போது பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும். பட்டாவைத் தொட்டா அந்தக் கம்பியையும் கையேட்டுல சொன்ன அளவுக்கு மறுபடி செட் பண்ணியே ஆகணும். பழைய வண்டியில அந்த லீவர் துருப்பிடிச்சு அசையாமலே நிக்கறதும் உண்டு, கையால ஆட்டிப் பாருங்க.

எல்லாம் மாட்டின பிறகு பழைய பிரேக் ஆயிலை முழுசா வெளியேத்திட்டு டாட் 4 ஊத்துங்க. புதுசா இருக்கும்போது அது 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிட்டா வரையறுத்த குறைந்த அளவு 155 டிகிரி. இறக்கத்துல பெடல் திடீர்னு பஞ்சு மாதிரி தரைக்குப் போறது இந்த ஈரம் ஆவியாறதாலதான். 2 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும். காத்து எடுக்கும்போது சாசியைத் தூக்கி ஆக்சிலைத் தொங்க விடாதீங்க. தொங்கினா அந்த வால்வு வழியைக் குறைச்சிடும், பின்பக்கக் காத்து வெளியே வராது. ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியிலயே கொடுங்க.

ஷூ அட்ஜஸ்டரை டிரம் உரசுற வரைக்கும் ஏத்தி, பிறகு சுத்தமா விடுபடுற வரைக்கும் இறக்குங்க. அது முடிஞ்ச பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிள். வரிசை மாறினா ரெண்டுமே சரியா வராது.

கிரவுன்பினியன்

பிரேக் பற்றி மேலே எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள். ஷாஃப்ட், ஹவுசிங், பட்டா பற்றி நான் சொல்கிறேன்.

65-இல் வரும் அதிர்வை முதலில் பிரித்தறிய வேண்டும். சமதளத்தில் அதே 65-ஐ 5-ஆம் கியரிலும் 4-இலும் வைத்துப் பாருங்கள், பிறகு நியூட்ரலில் உருள விடுங்கள். மூன்றிலும் அதிர்வு இருந்தால் எஞ்சினும் கிளட்சும் காரணமில்லை. அடுத்து டயரா ஷாஃப்டா என்று பார்க்க வேண்டும். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் 65 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8 சுற்றுதான் சுற்றும். ஹவுசிங் விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 34 சுற்று. டயர் கோளாறை ஸ்டியரிங்கிலோ உடம்பிலோ 'தட் தட்' என்று எண்ணிவிடக்கூடிய உலுக்கலாக உணர்வீர்கள். ஷாஃப்ட் கோளாறு தரைத்தகடு முழுவதும் ரீங்காரமாக வரும். சீட்டுக்கு அடியில் என்று சொல்வதால் என் சந்தேகம் ஷாஃப்ட் மீதுதான்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, வண்டிக்கு அடியில் போய் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் முனையில் உள்ள சிலுவை வடிவ கிராஸ் ஜாயின்டின் கிண்ணத்துக்கும் கவட்டைக்கும் நடுவில் சிறிய அசைவு தெரிந்தால்கூட மாற்ற வேண்டியதுதான். கிண்ணத்தின் விளிம்பில் செங்கல் நிறத்தில் பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி ரோலர்கள் அரைபடுகின்றன என்று பொருள். சென்டர் பேரிங்கை மேலும் கீழும் தள்ளுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் ஷாஃப்ட் ஊஞ்சலாடும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அதிர்ந்துவிட்டு அடங்குவது அப்போது வழக்கம்.

இன்னொன்று, யாராவது முன்பே ஷாஃப்டைக் கழற்றி மாட்டியிருந்தால் ஸ்லிப் ஜாயின்டின் (ஷாஃப்ட் நீளம் கூடிக் குறைய விடும் பல் இணைப்பு) பல் ஒன்று தள்ளி உட்கார்ந்திருக்கலாம். ஒரே துண்டின் இரு முனைக் கவட்டைகளும் பொதுவாக ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு ஜாயின்ட் ஏற்படுத்தும் வேக ஏற்றத்தாழ்வை அடுத்தது சமன் செய்வது அப்போதுதான். பல் மாறினால் சமன் ஆகாமல் இரட்டிப்பு அதிர்வெண்ணில் அதிரும். பெரும்பாலான ஷாஃப்டில் அம்புக்குறி அடித்திருப்பார்கள், கம்பிப் பிரஷால் தேய்த்தால் தெரியும். கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் பல்லிலும் உளியால் உங்கள் குறியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கிராஸ் வாங்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கிண்ணத்தின் விட்டம், எதிரெதிர் கிண்ணங்களின் முனையிலிருந்து முனைக்கு நீளம், இந்த இரண்டையும் வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். மாட்டும்போது ஓர் ஊசி ரோலர் சாய்ந்து அடியில் விழுந்தாலும் லாக் வளையம் காடியில் உட்காராது. வலுவாக அடிக்காமல் வெளியே எடுத்துப் பாருங்கள். மாட்டிய பின் கிரீஸ் நிப்பிளில் அடித்தால் நான்கு கிண்ணங்களிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்க வேண்டும். ஒன்றில் மட்டும் வராவிட்டால் கவட்டையை அசைத்துக்கொண்டே மறுபடி அடியுங்கள். கிரீஸ் போகாத அந்த ஒரு கிண்ணம்தான் அடுத்து அரையும்.

'டங்' சத்தத்துக்கு கிராஸ் ஒரு காரணம், தளர்ந்த யு போல்ட் இன்னொரு காரணம். பட்டாவின் நடுவிலிருக்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தால் ஆக்சில் பின்னுக்கு நகரும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பட்டாவைப் பிரிக்க வேண்டும். யு போல்ட்டைக் கழற்றினால் புதியதே போடுங்கள், பழையது ஒருமுறை நீண்டுவிட்டது. நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கையேடு சொல்லும் டார்க்குக்குப் படிப்படியாக ஏற்றி, பாரத்தோடு 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். பட்டாக்கள் உட்கார்ந்ததும் நட்டு தளர்வது இயல்பு.

கூடுதல் பட்டா விஷயத்தில் என் கருத்து: தாழ்ந்த பட்டாவை முதலில் சரியான வளைவுக்குக் கொண்டுவாருங்கள் அல்லது செட்டை மாற்றுங்கள். பட்டாவின் முனையைச் சாசியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்கள் நசுங்கியிருந்தாலும் வண்டி தாழ்ந்தே தெரியும். ஒரு பட்டா கூடுவதால் ஆக்சிலும் சாசியும் டயரும் தாங்கும் எடை ஒரு கிலோகூட உயராது. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து எடை தாங்கும் என்று நினைத்துவிடுவோம், ஆபத்து அங்கேதான்.

ஹவுசிங்கைத் திறந்தால் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். இந்த வகை ஆக்சில்களுக்கு பெரும்பாலும் ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90 கியர் எண்ணெய். இறக்கும் பிளக்கைத் தொடும் முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை இறக்கிவிட்டு ஊற்றும் பிளக் அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஊற்றும் துளையின் கீழ் விளிம்புவரை நிரப்பினால் போதும். காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. நகத்தில் எடுக்கும்படி துண்டு கிடைத்தால் கிரவுனைத் திறந்து பாருங்கள். கியர்பாக்ஸுக்கு அதே எண்ணெயை ஊற்றிவிட வேண்டாம், கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4 தான். உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்காக அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட்82

சூடு பற்றிச் சுருக்கமாக.

மெதுவாக ஏறும்போது சூடு ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேன் குறை. வேகமாகப் போகும்போதும் ஏறிக்கொண்டே இருந்தால் ரேடியேட்டருக்குள் ஓட்டம் குறை. விஸ்கஸ் ஃபேனாக (சூடானால் இறுகிப் பிடிக்கும் சிலிக்கான் திரவக் கிளட்ச் உள்ளது) இருந்தால் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுழற்றுங்கள். எதிர்ப்பே இல்லாமல் பல சுற்று ஓடினால் அது போய்விட்டது. மையத்திலிருந்து வெளிநோக்கி எண்ணெய்க் கோடு படிந்திருப்பதும் உள்ளிருந்த சிலிக்கான் கசிந்ததன் அடையாளம்.

ரேடியேட்டர் தட்டுகளை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்நோக்கி, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். ஏசி கண்டென்சர் இருந்தால் இரண்டுக்கும் இடையில்தான் பூச்சியும் சருகும் மெத்தையாகப் படியும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 பார் என்று எழுதியிருக்கும். 0.9 பார் தாங்கினால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அந்த 18 டிகிரியையும் வீணாக்குகிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள், செய்யாதீர்கள். பல எஞ்சின்களில் அது திறக்கும்போதே ரேடியேட்டரைத் தவிர்க்கும் பைபாஸ் வழியை மூடுகிறது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அடித்திருக்கும் எண்ணுக்கு அருகில் திறக்க ஆரம்பித்து, கொதிக்கும் முன் 8 மி.மீ. அளவுக்காவது தூக்கினால் நல்லது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் மட்டும் கவலைப்படுங்கள், அது ஹெட் கேஸ்கெட்.

பம்பில் டீசல் கூட்டும் வேலைக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு ஓர் அளவுண்டு. அதற்கு மேல் டீசல் போனால் கறுப்புப் புகையும் பிஸ்டன் தலையில் சூடும்தான் மிச்சம், நீண்ட ஏற்றத்தில் பிஸ்டனே உருகலாம். அதற்குப் பதில் ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்ப் லீவர் கடைசி ஸ்டாப்பர் திருகைத் தொடுகிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டோ கால்மிதி தடித்தோ 10 மி.மீ. குறைந்தாலே ஏற்றத்தில் சக்தி இல்லை என்று தோன்றும். டீசல் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் புதிதாக இருக்கட்டும். உயரமும் கணக்கில் வரும்: கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் இந்த வகை எஞ்சின் ஏறத்தாழ 10 சதவீதம் சக்தியை இழக்கும், அது கோளாறு இல்லை. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டோடு பாரம் இழுக்காதீர்கள்.

மண்சாலை

மூவருக்கும் நன்றி. பார்த்ததைச் சொல்கிறேன். வலது காலிப்பரின் கீழ் ஸ்லைடு பின் அசையவே இல்லை, உள்பேட் 3 மி.மீ., வெளிபேட் 8 மி.மீ. பின்சக்கர ஈரம் கியர் ஆயில்தான், பிரீதர் மண்ணால் மூடிக் கிடந்தது. ஸ்லிப் ஜாயின்டில் அம்புகள் ஒரு பல் விலகியிருந்தன, பின் கிராஸிலும் செங்கல் பொடி. ஃபேன் சூடாக இருக்கும்போதும் தாராளமாகச் சுற்றுகிறது. லோடு வால்வின் லீவர் இறுகியிருக்கிறது. இவற்றையெல்லாம் முடித்த பிறகுதான் டிரெய்லரைத் தொடுவேன்.

அடுத்து கொக்கி. சாசியின் பின் குறுக்குச் சட்டத்தில் மாட்டப் போகிறேன். டிரெய்லரில் சாமானை எப்படி ஏற்றுவது, கொக்கியில் எவ்வளவு பாரம் உட்கார வேண்டும்? 5-ஆம் கியரில் இழுக்கலாமா?

பந்துக்கொக்கி

முதலில் சாசி. கொக்கி மாட்டும் இடத்தையும், பின் பட்டா ஷேக்கிள் பிராக்கெட்டைச் சுற்றியும், ஆக்சிலுக்கு மேல் வளையும் பகுதியையும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் சரி, மந்தமாகக் கேட்டால் அங்கே துரு உள்ளே தின்றிருக்கிறது. தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் கொக்கி வேலையை நிறுத்திவிட்டு சாசி வேலையைப் பாருங்கள். குறுக்குச் சட்டத்தில் மட்டும் மாட்ட வேண்டாம். இரு நீளச் சட்டங்களுக்கும் பாரம் போகும்படியான பிராக்கெட் வேண்டும். துளையைச் சட்டத்தின் நிமிர்ந்த பக்கத்தில் போடுங்கள், மேல் கீழ் விளிம்புகளில் போடக் கூடாது, சாசியின் வலு அந்த விளிம்புகளில்தான். பெட்டிச் சட்டமாக இருந்தால் உள்ளே குழாய்த்துண்டு வைத்து போல்ட்டை இறுக்குங்கள், இல்லாவிட்டால் சட்டம் நசுங்கி போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். போல்ட் தலையில் குறைந்தது 8.8 என்று அடித்திருக்க வேண்டும்.

கொக்கிப் பாரம் மொத்த டிரெய்லர் எடையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், உங்களுக்கு 120 கிலோ. அதற்கும் முன்பு கொக்கியிலும் கையேட்டிலும் போட்டிருக்கும் அதிகபட்சத்தைப் பாருங்கள், சில வண்டிகளில் அது இதைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படியானால் அதுதான் எல்லை. கொக்கிப் பாரம் மிகக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். மிகவும் கூடினால் பிக்கப்பின் முன்பக்கம் லேசாகும். சக்கர இடைவெளி 3 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து பந்து 1.2 மீட்டர் தள்ளி என்றால், 120 கிலோ அங்கே உட்காரும்போது பின் ஆக்சிலுக்கு 168 கிலோ கூடுகிறது, முன் ஆக்சிலிலிருந்து 48 கிலோ குறைகிறது. ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் இழக்கும் எடை அது. இதோடு பின் தொட்டியிலும் சாமான் ஏற்றினால் பின் ஆக்சில் எல்லையைத் தாண்டிவிடலாம், இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

அளப்பது சுலபம். ஆள் எடை பார்க்கும் தராசு 120 கிலோ தாங்காவிட்டால் ஒரு தடித்த பலகையை எடுத்து, ஒரு முனைக்கு அடியில் இரும்புக் குழாய், மறுமுனைக்கு அடியில் தராசு வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 90 செ.மீ. குழாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி டிரெய்லரின் மூக்கை, இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் கட்டை கொடுத்து இறக்குங்கள். தராசு காட்டுவதில், பலகை மட்டும் இருந்தபோது காட்டியதைக் கழித்து 3-ஆல் பெருக்கினால் கொக்கிப் பாரம். சாமானில் கனமானது ஆக்சிலுக்கு மேலும் சற்று முன்னும், தரையை ஒட்டி. மூக்கில் எடை குறைகிறது என்று பின்கோடியில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு முன்கோடியில் கனத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. தராசில் எண் சரியாக வரும், ஆனால் இரு முனையிலும் கனம் இருந்தால் ஆட ஆரம்பித்த டிரெய்லர் எளிதில் அடங்காது.

பந்து 50 மி.மீ. என்றால் அதன்மேல் கவிந்து பூட்டும் டிரெய்லர் கப்ளரும் 50 மி.மீ.தான். 2 அங்குலம் என்பது 50.8. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று கலக்க வேண்டாம். பந்து தேய்ந்து 49-க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றிப் பிக்கப்பின் பின்பக்கம் சற்று உயரும்வரை தூக்குங்கள். கப்ளர் பந்தை விடாமல் பிக்கப்பையும் சேர்த்துத் தூக்கினால்தான் பூட்டு விழுந்திருக்கிறது. கண்ணால் பார்த்து நம்பக் கூடாத இடம் இது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், கழன்றால் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் பிரேக்அவே கேபிளைப் பந்தில் சுற்றாமல் வண்டியில் தனி வளையத்தில் மாட்டுங்கள்.

டிரெய்லர் பிரேக்கைச் சரிசெய்யும்போது முதலில் சக்கரத்தில் ஷூ, அதன் பிறகுதான் கம்பி. கம்பியை இறுக்கி ஷூ தேய்மானத்தை மறைத்தால் பிரேக் தாமதமாகவும் குலுக்கலோடும் பிடிக்கும். பல நாடுகளில் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

விளக்கு: 7 பின் சாக்கெட்டில் பொதுவான ஒழுங்கு 1 இடது இண்டிகேட்டர் மஞ்சள், 2 பின் மூடுபனி விளக்கு நீலம், 3 எர்த் வெள்ளை, 4 வலது இண்டிகேட்டர் பச்சை, 5 வலது டெயில் பழுப்பு, 6 பிரேக் சிவப்பு, 7 இடது டெயில் கறுப்பு. இண்டிகேட்டர் போட்டால் டெயில் விளக்கும் கூடவே துடித்தால் எர்த் போகவில்லை என்று அர்த்தம், பல்பைத் தேட வேண்டாம். பந்து வழியாக எர்த் வரும் என்று நம்பி வெள்ளை வயரை விட்டுவிடுவதுதான் வழக்கமான காரணம். பழைய ஃபிளாஷர் கூடுதல் பல்புக்குத் தாறுமாறாகத் துடிக்கும், எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போட்டுவிடுங்கள்.

கியர்: 4-இல் இழுங்கள். இந்த மாதிரி 5 கியர் பெட்டிகளில் 4-ஆவது நேரடி ஓட்டம், உள்ஷாஃப்ட் (பெட்டிக்குள் இணையாக ஓடும் லே ஷாஃப்ட்) பற்களில் பாரம் விழாது. 5 ஓவர்டிரைவ். அதில் மிதித்து இழுத்தால் அந்தப் பற்களிலும் பேரிங்கிலும் பாரமும் சூடும் ஏறும், எஞ்சினும் திணறும். இறக்கத்தில், அதே சாலையில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரை உச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே போகாதீர்கள், உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். 60-இலிருந்து 80-க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.8 மடங்கு ஆகிறது. டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், எதிர்ப்பக்கம் திருப்பவும் செய்யாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள்.

கிளட்ச் தாங்குமா என்று முன்பே தெரிந்துகொள்ளலாம். காலி வண்டியில் 4-ஆம் கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்தது.

முதல் 50 கி.மீ.யில் நிறுத்தி, இரண்டு வண்டியின் வீல் நட்டையும் டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். டிரெய்லர் ஹப்பைத் தொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கைவைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் விடவில்லை. டிரெய்லர் டயரில் காடிகள் தேயாமல் இருக்கும், ஆனால் வயது போயிருக்கும். பக்கவாட்டில் உள்ள 4 இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பக்கச்சுவரில் வெடிப்பு தெரிந்தால் காடி ஆழம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள்.

மண்சாலை

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: வழியில் இந்தப் பிக்கப்பே நின்றுவிட்டால், இன்னொரு வண்டி இதைக் கயிறு கட்டி இழுக்கலாமா? சிலர் நியூட்ரலில் போட்டால் போதும் என்கிறார்கள்.

கிரவுன்பினியன்

டிரெய்லரை முதலில் கழற்றுங்கள், அதோடு சேர்த்து இழுக்கக் கூடாது. பிக்கப்பைக் கொஞ்ச தூரம் மெதுவாக நகர்த்த நியூட்ரல் போதும். நீண்ட தூரத்துக்குப் போதாது. கியர்பெட்டிக்குள் எண்ணெயை வாரி மேலே தெளிப்பது உள்ஷாஃப்ட். எஞ்சின் ஓடாமல் நியூட்ரலில் இழுத்தால் அது சரியாகச் சுற்றாது, பின்னால் வெளியேறும் ஷாஃப்ட் மட்டும் எண்ணெய் இல்லாமல் பேரிங்கில் சுற்றும். பின்சக்கரங்களைத் தூக்கி ஏற்றிச் செல்லுங்கள், அல்லது புரோப்பல்லர் ஷாஃப்டை ஹவுசிங் ஃபிளாஞ்சில் கழற்றிவிடுங்கள். உங்களுடையது இரண்டு துண்டு என்பதால் பின் துண்டை மட்டும் எடுத்தால் போதும், ஸ்லிப் ஜாயின்ட் குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லிப் யோக் நேரே கியர்பெட்டிக்குள் போகும் மாடலாக இருந்தால் உருவியதும் எண்ணெய் கொட்டும், பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பரால் இறுக்கிக் கட்டுங்கள்.

சாவியை ஆன் நிலையில் விடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாக இருக்கும், முழுக் காலால் மிதிக்க வேண்டும். உள்ளே உட்காருபவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். சேற்றில் சிக்கிய வண்டியை வெளியே எடுக்கும்போது பெல்ட்டையோ கயிற்றையோ டிரெய்லர் பந்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். உலுக்கி இழுக்கும் விசைக்குப் பந்தின் கழுத்து செய்யப்படவில்லை. முறிந்தால் பின்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். எடை அளவு பொறித்த ஷேக்கிளை (யு வடிவ இரும்பு வளையம்) சாசியில் போல்ட் செய்த கொக்கியில் மாட்டி, பெல்ட்டின் நடுவில் ஒரு கனமான சாக்கைப் போட்டு, ஆட்கள் பெல்ட் நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விலகிய பிறகு இழுங்கள்.